வெள்ளம் வராத கதை

என் மகளுக்கு நான் கதை சொல்ல ஆரம்பித்தது ஒரு பல்லியால்தான்.

அப்போது அவளுக்கு ஐந்து வயது முடிந்து சில மாதங்கள். அவளும் அவள் அம்மாவும் கர்நாடகப் பக்கம் சந்தாபுராவில், என் மனைவியின் அக்கா வீட்டில் இருந்தார்கள். நான் ஓசூரில், சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில், ஒரே அறையில் தனியாக இருந்தேன். நடுவில் இருப்பது அத்திப்பள்ளி செக்போஸ்ட் மட்டும்தான். பஸ் நெரிசலில் மாட்டாமல் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு மாதக்கணக்கில் பார்க்காமல் இருக்க முடியும் என்பதை அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. நான் குடிக்கிறவன் இல்லை, அவள் கத்துகிறவள் இல்லை. இருவருக்கும் ஷிஃப்ட் வேலை. நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். பேச்சு குறைந்து குறைந்து, கேஸ் தீரப்போகிறது, பாப்பாவுக்குச் சளி என்ற அளவில் வந்து நின்றது. ஒரு நாள் அவள், அக்கா வீட்டுப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் ஆள் எடுக்கிறார்கள், கொஞ்ச நாள் அங்கே இருந்து பார்க்கிறேன் என்றாள். சரி என்றேன். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர்கள் போன நாலைந்து மாதத்தில் என் வலது கை பவர் பிரஸ்ஸில் மாட்டியது. தகட்டை டை என்கிற அச்சுக்குள் வைத்து எடுக்கிற வேலை. வருஷக்கணக்காகச் செய்த வேலை. அந்த நிமிஷத்தில் என்ன யோசனையில் இருந்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. உத்தனப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து என் அண்ணன் வந்து ஆஸ்பத்திரியில் கூட இருந்தார். அந்தப் பொண்ணுக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் திரும்பக் கேட்கவில்லை.

சொன்னால் அவள் அன்றைக்கே கிளம்பி வந்துவிடுவாள். அப்படிப்பட்டவள்தான். ஆனால் வந்தவள் எனக்காக வந்தாளா, என் கைக்காக வந்தாளா என்று நான் காலம் பூராவும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பேன். அந்த வாழ்க்கைக்கு இந்தத் தனியறையே மேல் என்று தோன்றியது.

கட்டுப் பிரித்து, புண் ஆறி, நான் திரும்ப வேலைக்குப் போனபோது என்னை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு மேஜை, தலைக்கு மேல் ட்யூப்லைட், பாகங்களில் பிசிறும் கீறலும் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. இரவு ஷிஃப்ட் கிடையாது. எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் முன்பெல்லாம் டீ கிளாஸைக் கையில் திணித்துவிட்டு முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறவர்கள், இப்போது கிளாஸை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். கையில் கொடுத்தால் எந்தக் கையை நீட்டுவேனோ என்று அவர்களுக்குச் சங்கடம். எனக்கும்தான்.

மகளோடு தினமும் சாயங்காலம் வீடியோ காலில் பேசுவேன். நேரில் வரச் சொன்னால் ஓவர் டைம் என்பேன். ஃபோனைத் தண்ணீர்க் கேனில் சாய்த்து வைத்து, முகம் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொள்வேன். கை அசைத்தால் இடது கை. சின்னக் குழந்தையோடு ஃபோனில் எவ்வளவு நேரம் பேச முடியும்? சாப்பிட்டியா, ஸ்கூலுக்குப் போனியா, மிஸ் அடிச்சாங்களா. இதற்குள் அவள் கண் டிவி பக்கம் போய்விடும். ஃபோன் சோபாவில் விழுந்து கிடக்க, நான் அவர்கள் வீட்டு ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கட் செய்வேன்.

ஒரு நாள் அவள் அப்படி நழுவப்போன நேரத்தில் என் சுவரில் ஒரு பல்லி வந்தது. வால் இல்லாத பல்லி. பாப்பா, இங்கே பாரு யாரு வந்திருக்காங்க என்று ஃபோனைத் திருப்பினேன். அவள் கிட்டே வந்தாள். வால் எங்கே என்று கேட்டாள். வாலைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆமேலே?" என்றாள்.

'அப்புறம்' என்பதற்குக் கன்னடம். அந்த ஒரு வார்த்தையை இழுப்பதற்காகவே அன்றிலிருந்து தினமும் ஏதாவது ஒரு மிருகத்தைத் தேட ஆரம்பித்தேன். முதுகில் கோடு இல்லாத அணில். கா என்று கத்த வராத காக்கா. ஒரு காது குட்டையாக இருக்கிற கழுதை. பஸ்ஸில் வரும்போதும், மேஜையில் பாகங்களைப் புரட்டும்போதும் இதே யோசனை. இன்றைக்கு எந்த மிருகம், அதற்கு என்ன குறை.

கதை என்னவோ ஒன்றேதான். எனக்கு அது அன்று தெரியவில்லை. டை ஒன்று, தகடு மட்டும் வேறு வேறு. குறை உள்ள ஒரு மிருகம் இருக்கும். மற்ற மிருகங்கள் அதைச் சேர்த்துக்கொள்ளாது. அது தனியாகப் போய் உட்கார்ந்து அழும். பிறகு காட்டில் தீப்பிடிக்கும், அல்லது வேடன் வருவான், அல்லது வெள்ளம் வரும். அந்தக் குறையை வைத்தே அது எல்லோரையும் காப்பாற்றும். எல்லோரும் மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். நான் சின்ன வயதில் கேட்டதெல்லாம் இந்த மாதிரிதான். கடைசியில் எனக்கே நெஞ்சு லேசாகிவிடும்.

கழுதைக் கதை சொன்ன அன்று ஆற்றில் வெள்ளம் வந்தது. குட்டைக் காதுக் கழுதைக்குத்தான் தூரத்துத் தண்ணீர்ச் சத்தம் முதலில் கேட்டது. அது கத்தி எல்லோரையும் மேட்டுக்கு ஏற்றியது. எல்லா மிருகமும் அதற்கு ஃப்ரெண்ட் ஆகிவிட்டன என்று முடித்தேன்.

அவள் ஆமேலே என்று கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"அப்பா, வெள்ளம் வரலைன்னா?"

எனக்குப் புரியவில்லை. வரலைன்னா என்ன என்றேன்.

"வெள்ளம் வரலைன்னா அந்தக் கழுதைகூட யாரும் பேசவே மாட்டாங்களா?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வெள்ளம் எப்படியும் வந்துவிடும் என்றேன். எங்க ஏரியாவில் வந்ததே இல்லையே என்றாள். அதற்குள் அவள் பெரியம்மா சாப்பிடக் கூப்பிட, ஃபோன் கட்டாகிவிட்டது.

அன்று தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது. அதற்கடுத்த வீட்டில் ஒடிசாக்காரப் பையன்கள் ஊருக்கு ஃபோன் பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளமே வராத ஊரில் அந்தக் கழுதை என்ன செய்யும்? தினம் விடியும், தினம் பொழுது போகும். யாருக்கும் ஆபத்து இல்லை. அதனால் யாருக்கும் அதன் காது தேவையில்லை. இத்தனை நாளும் என் பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று பார்த்தால், நீ உபயோகப்படுகிற வரைக்கும் காத்திரு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு மூன்று நாள் கதையே வரவில்லை. தலைவலி என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். பிறகு எங்கள் ஊர் யானை ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் ராகி கதிர் முற்றுகிற பருவத்தில் சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும். நான் சின்னவனாக இருந்தபோது அப்பாவோடு காவல் பரணில் இருந்து அவற்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை ஒற்றையாக ஓர் ஆண் யானை வந்தது. பெரிய உடம்பு, ஆனால் தந்தமே இல்லை. மக்னா என்று அப்பா மெதுவாகச் சொன்னார். ஆண் யானைதான், தந்தம் மட்டும் முளைக்காது, அதன் பிறப்பு அப்படி என்றார். அது கரும்பாறை மாதிரி நின்று நிதானமாகத் தின்றுவிட்டுப் போனது.

மகளுக்கு அந்த மக்னாவை ஒரு குட்டியாக்கிச் சொன்னேன். கூடப் பிறந்த குட்டிகளுக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று தந்தம் முளைக்கிறது. இதற்கு முளைக்கவில்லை. தினமும் குட்டையில் போய்த் தன் மூஞ்சியைப் பார்க்கிறது. மற்ற குட்டிகள் மரத்தைக் குத்திப் பட்டை உரிக்கின்றன. இது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது.

"ஆமேலே?"

இந்த இடத்தில் வழக்கமாக வேடன் வர வேண்டும். நான் அவனைக் கூப்பிடவில்லை. வேறு என்ன வரும் என்றும் தெரியவில்லை. சும்மா சொல்லிக்கொண்டே போனேன்.

"ஒரு நாள் அது அம்மாகிட்ட போய் நின்னுச்சு கண்ணு. அம்மா தும்பிக்கைய நீட்டி அதோட வாயத் தடவிப் பார்த்துச்சு. தந்தம் இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணும் இல்ல. அம்மா அந்த இடத்த மோந்து பார்த்துச்சு. அது எம்புள்ள வாசனைதான்னு தெரிஞ்சுது."

"ஆமேலே?"

"அவ்வளவுதான். ரெண்டும் ராகி தின்னப் போயிருச்சுங்க."

கதை படுத்துவிட்டது என்று நினைத்தேன். அவள் டிவி பக்கம்கூடத் திரும்பவில்லை. அப்படியே ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இன்னொரு வாட்டி சொல்லு என்றாள்.

அந்தக் கதை எத்தனை மாதம் ஓடியது என்று எனக்கே கணக்கில்லை. தினமும் கொஞ்சம் வளரும். மக்னா சேற்றில் புரண்ட கதை, பலாப்பழம் தின்று வயிறு வலித்த கதை, ரயிலைப் பார்த்துப் பயந்த கதை. எதிலும் அது யாரையும் காப்பாற்றாது. ஒவ்வொரு நாளும் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவள் ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்வாள். இன்னைக்கும் அதுக்குத் தந்தம் வராதுல்ல என்பாள். வராது என்பேன். வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் சம்மணம் போட்டு உட்காருவாள்.

ஒரு நாள் மக்னாவின் அப்பா எங்கே என்று கேட்டாள். ஆண் யானை பெரிதானால் கூட்டத்தோடு இருக்காது, தனியாகத்தான் திரியும் என்று உண்மையைச் சொன்னேன். அதற்கு வீடு எங்கே என்றாள். காட்டில் ஒரு பக்கம் இருக்கும், எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போகும் என்றேன். அப்போதுதான் திரையின் ஓரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு கை நின்றதைப் பார்த்தேன். என் மனைவி அங்கேதான் உட்கார்ந்து தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துக் கை திரும்ப மடிக்க ஆரம்பித்தது.

அந்த வாரமே அவள் என்னைக் கூப்பிட்டாள். ஓவர் டைம், ஓவர் டைம் என்று எத்தனை நாளைக்குச் சொல்லுவீங்க, பாப்பா ஏங்கிப் போயிட்டா, ஞாயிற்றுக்கிழமை வாங்க என்றாள். இனிமேல் தட்ட முடியாது என்று தெரிந்தது.

முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வலது கையை பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். அக்கா வீட்டுக்குப் போக எனக்குக் கூச்சம். சந்தாபுரா பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருந்த பேக்கரியில் சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம். மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். ஃபோனில் பார்த்ததைவிட உயரமாகியிருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது, அது எனக்கு ஃபோனில் தெரிந்ததுதான், ஆனால் அவள் தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை அடிப்பது ஃபோனில் தெரிந்ததில்லை.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். தேங்காய் பன்னும் டீயும் வாங்கினேன். மகள் எனக்கு வலது பக்கத்தில், ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் இடது கையால் பன்னை எடுத்துக் கடித்தேன்.

"அப்பா ஏன் பீச்சாங்கைல சாப்பிடுது?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். நான் சிரிக்கப் பார்த்தேன். குழந்தை அதற்குள் என் பாக்கெட்டிலிருந்த கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள். விளையாட்டாகத்தான் இழுத்தாள்.

அவள் கத்தவில்லை. கையைப் பார்த்தாள். பிறகு அதை விட்டுவிட்டாள், சூடான பாத்திரத்தை விடுகிற மாதிரி. பெஞ்சிலிருந்து இறங்கி, மேஜைக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய், அம்மாவின் துப்பட்டாவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை. தினமும் தந்தம் வரக்கூடாது என்று சொன்ன குழந்தை அவள். நான் அதை வைத்து ஏதோ நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் கதையில் வருகிற யானை வேறு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அப்பாவின் கை வேறு.

என் மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப?" என்றாள்.

சொன்னேன். அவள் மனதுக்குள் மாதங்களை எண்ணுவது தெரிந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பே."

"வந்திருப்பேன்."

"அதான் சொல்லலை."

அவள் வேறு பக்கம் பார்த்தாள். ரோட்டில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பாதி தின்ற பன்னைக் காகிதத்தில் சுற்றி, குழந்தை அப்புறமாச் சாப்பிடுவா என்று பையில் வைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்ததா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனாள். குழந்தையின் முகம் என் பக்கம்தான் இருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தாள்.

அதற்குப் பிறகு மகள் ஃபோனுக்கு வரவில்லை. நான் அதே நேரத்துக்குக் கூப்பிடுவேன். என் மனைவி எடுப்பாள். ஹோம்வொர்க் செய்கிறாள் என்பாள், கீழ் வீட்டில் விளையாடப் போயிருக்கிறாள் என்பாள். ஒரு நாள் மட்டும் ஒளிக்காமல் சொன்னாள். குழந்தை தூங்கப் போகும்போது தன் விரல்களைப் போர்வைக்குள் மறைத்துக்கொள்கிறதாம். அப்பாவுக்கு அது திரும்ப வளருமா என்று கேட்டதாம்.

"வளராதுன்னு சொல்லிட்டேன். பொய் சொல்ல எனக்கு வரல" என்றாள்.

நல்லதுதான் என்றேன்.

சாயங்காலங்கள் காலியாகக் கிடந்தன. பஸ்ஸில் வரும்போது பழக்க தோஷத்தில் மக்னாவுக்கு ஒரு சம்பவம் மனதில் ஓடும். அறைக்கு வந்து பூட்டைத் திறந்த பிறகுதான் கேட்க ஆள் இல்லை என்பது உறைக்கும். அறையில் இருக்கப் பிடிக்காமல் ராமநாயக்கன் ஏரிக்கரையில் போய் உட்காருவேன். அங்கே குடும்பம் குடும்பமாக வந்திருப்பார்கள். யாராவது ஒரு பிள்ளை பந்தை என் பக்கம் உதைத்துவிட்டு எடுக்க ஓடிவரும். நான் பந்தை உருட்டிவிடும்போது இடது கையைத்தான் உபயோகித்தேன். யாருக்காக மறைக்கிறேன் என்று ஒரு நாள் எனக்கே கேட்கத் தோன்றியது. ஆனாலும் அடுத்த தடவையும் இடது கைதான் போனது.

குளிர் ஆரம்பித்தபோது மூன்று நாள் தொடர்ந்தாற்போல் லீவு வந்தது. ஊருக்குப் போனேன். அண்ணன் ஒரு ஏக்கர் ராகியும், மிச்சத்தில் தக்காளியும் வைத்திருந்தார். இங்கேயே வந்துவிடேன், கூடமாட இருந்தால் எனக்கும் ஒத்தாசை என்றார். பார்க்கலாம் என்றேன். இரண்டாம் நாள் காலையில் யானைக் கூட்டம் ஊர் ஏரியைத் தாண்டுகிறது என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். ஃபாரஸ்ட்காரர்கள் யாரையும் கிட்டே விடவில்லை. நாங்கள் மேட்டில் நின்று பார்த்தோம். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் பெரிசும் சிறிசுமாக வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் ஃபோனை எடுத்து, மிச்சமிருக்கிற விரல்களால் பிடித்து வீடியோ எடுத்தேன். படம் ஆடியது. அதை என் மனைவிக்கு அனுப்பினேன். கூட ஒன்றும் எழுதவில்லை.

அன்று சாயங்காலம் ஃபோன் வந்தது. எடுத்தேன். திரையில் குழந்தை.

"இதுல எது மக்னா?" என்றாள், எந்த முன்னுரையும் இல்லாமல்.

"தெரியல கண்ணு. ரொம்பத் தூரமா இருந்துச்சு. தந்தம் இருக்கா இல்லையான்னே தெரியல."

அவள் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்ட மாதிரித்தான் இருந்தது. வீடியோவை நிறையத் தடவை பார்த்தாளாம். ஒரு குட்டி தடுக்கி விழுந்து எழுந்தது எனக்குத் தெரியவே இல்லை, அவள்தான் சொன்னாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்பா, கையக் காட்டு."

நான் இடது கையை உயர்த்தினேன்.

"அது இல்ல."

வலது கையைத் தூக்கினேன். அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பக்கத்துல காட்டாத. தூரமா வை."

ஃபோனை அண்ணன் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு, எதிர்ச்சுவர் வரைக்கும் பின்னால் நடந்துபோய் நின்றேன். கையை நீட்டிப் பிடித்தேன். அங்கிருந்து எனக்கு அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. சின்னத் திரையில் ஒரு புள்ளியாக இருந்தாள். கையை இறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே வந்தவர், என்னைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் வெளியே போய்விட்டார்.

"வலிக்குதா?" என்று ஃபோனிலிருந்து கேட்டது.

"குளிர் காலத்துல கொஞ்சம்."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி, போதும் என்றாள். நான் ஃபோனுக்கு வந்தபோது, இன்னைக்கு மக்னா என்ன பண்ணுச்சு என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் கையைக் காட்டச் சொல்வாள், சில நாள் அந்தப் பேச்சே எடுக்கமாட்டாள். நேரில் பார்க்கும்போது ரொம்ப நாளைக்கு அந்தக் கையைத் தொடவில்லை. நான் தொடச் சொல்லவும் இல்லை. பாக்கெட்டில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு தடவை, ரோட்டைத் தாண்டும்போது, அவசரத்தில் அதைத்தான் பிடித்தாள். மிச்சமிருந்த இரண்டு விரலையும் கட்டை விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். தாண்டி முடித்ததும் விட்டுவிட்டு ஐஸ்கிரீம் வண்டியைப் பார்க்க ஓடினாள். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

என் மனைவி ஒரு நாள் ஃபோனில், குழந்தை தூரத்தில் இருந்தபோது, தானாகவே பேக்கரியில் பேசியதை எடுத்தாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னத நெனச்சுப் பார்த்தேன். நான் வந்திருப்பேன். ஆனா இருந்திருப்பேனான்னு எனக்கே தெரியல."

அவள் அவ்வளவு நேர்மையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கேட்டு எனக்கு இரண்டு நாள் யாரோடும் பேசத் தோன்றவில்லை என்பதும் உண்மை. நாங்கள் இன்றைக்கும் தனித்தனியாகத்தான் இருக்கிறோம். கோர்ட்டுக்கும் போகவில்லை, ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

மகளுக்கு இப்போது எட்டு வயது. மிருகக் கதை கேட்கிற வயது தாண்டிவிட்டது என்று அவளே சொல்கிறாள். சாயங்காலம் கூப்பிட்டால் கணக்கு சொல்லித்தரச் சொல்வாள். அவள் தமிழில் வரவரக் கன்னடம் அதிகம். நான் இடையில் நிறுத்தி அர்த்தம் கேட்டால் பொறுமையில்லாமல் சொல்வாள். கூப்பிடாத நாட்களும் உண்டு. அந்த நாட்களில் நான் ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சமைப்பேன்.

போன மாதம் பாகலூர் ரோட்டில் என் மனைவியோடு வேலை செய்கிற பெண் ஒருத்தியின் வீட்டில் கிரகப்பிரவேசம். போகும் வழியில் மகளை என் அறையில் விட்டுவிட்டு, நாலு மணி போல வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனாள். மகள் அந்த அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நான்கு சுவரையும் பார்த்தாள். ஃபோனில் பெருசா தெரிஞ்சுது என்றாள். நான் சோறும் ரசமும் முட்டைப் பொரியலும் செய்திருந்தேன். சாப்பிட்டாள். வெளியே போய் ஒடிசாக்காரப் பையன்கள் கேரம் ஆடுவதைப் பார்த்தாள். அவர்களோடு ஹிந்தியில் இரண்டு வார்த்தை பேசினாள், ஸ்கூலில் படிக்கிறாளாம். பிறகு மழை பிடித்துக்கொண்டது. உள்ளே வந்து என் பாயில் படுத்தாள். ஏதோ பாட்டு முனகிக்கொண்டே தூங்கிவிட்டாள்.

பாத்திரம் கழுவக் கிடந்தது. சத்தம் கேட்குமே என்று கழுவவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

நாலு மணிக்கு மேல் என் மனைவி வந்தாள். பாதி நனைந்திருந்தாள். வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தாள். நான் எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டேன். அவள் தலையாட்டி வேண்டாம் என்றாள். தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்தேன். டம்ளரை வலது கையில்தான் பிடித்திருந்தேன், நான் யோசித்துச் செய்யவில்லை. அவள் வாங்கிக் குடித்தாள்.

"தூங்கட்டும். அடுத்த பஸ்ல போய்க்கிறோம்" என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவளும், இந்தப் பக்கம் நானுமாக உட்கார்ந்தோம். மழை விட்டிருந்தது. கூரை ஷீட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கிரகப்பிரவேசத்தில் கூட்டமா என்று கேட்டேன். கூட்டம்தான் என்றாள். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. முன்பு எங்கள் வீட்டில் பேசாமல் இருந்ததைப் போல அது இல்லை. எப்படி வேறு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த பஸ்ஸும் போயிருக்கும், அதற்கடுத்ததும் போயிருக்கும். இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

மகள் எழுந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. ஏன் எழுப்பவில்லை, நாளைக்கு டெஸ்ட் இருக்கிறது என்று இருவரையும் கோபித்துக்கொண்டாள். மூன்று பேரும் தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். ஜன்னல் ஓர சீட் கிடைத்ததில் அவளுக்குக் கோபம் போய்விட்டது. பஸ் திரும்பி ரோட்டில் ஏறுகிறவரை நின்றேன்.

திரும்பும் வழியில் பால் பாக்கெட் வாங்கினேன். அறையில் மத்தியானப் பாத்திரம் அப்படியே கிடந்தது. லைட்டைப் போட்டுக் கழுவ ஆரம்பித்தேன்.